என்ஐடபிள்யூ, ஈபி-1பி, ஈபி-1ஏ: அமெரிக்காவில் இருக்கும் ஆராய்ச்சியாளர் எதை முதலில் போடுவது?

இந்த மூன்றும் ஆராய்ச்சியாளர்கள் அமெரிக்க க்ரீன் கார்டுக்கு (நிரந்தரமாக வசிக்கும் உரிமை) விண்ணப்பிக்கும் வழிகள். போஸ்ட்டாக்கில், அதாவது பிஎச்டி-க்குப் பிந்தைய தற்காலிக ஆராய்ச்சிப் பணியில், இரண்டாம் வருடம், மூன்றாம் வருடம் இருக்கும் பலர் கேட்பது ஒரே கேள்விதான். "என்ஐடபிள்யூ இப்போதே போட்டுவிடட்டுமா, ஈபி-1ஏ போடும் அளவுக்கு ப்ரொஃபைல் வளரட்டும் என்று இருக்கட்டுமா, இல்லை யுனிவர்சிட்டி ஈபி-1பி போட்டுக் கொடுக்குமா என்று பார்க்கட்டுமா?" கேட்கிறவர்கள் எல்லோரும் முதலில் சொல்வது சைட்டேஷன் எண்ணிக்கை, அதாவது தங்கள் பேப்பர்களை மற்றவர்கள் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்பது. நான் முதலில் கேட்பது பிறந்த நாடு. அது தெரியாமல் இந்த மூன்றையும் ஒப்பிடவே முடியாது.

நான் வக்கீல் இல்லை. கையெழுத்துப் போடும் முன் ஒரு இமிக்ரேஷன் வக்கீலிடம் உங்கள் கேஸைக் காட்டிவிடுங்கள். ஆனால் வக்கீலிடம் போகும்போது என்ன கேட்பது என்றாவது தெரிந்திருக்க வேண்டும், அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

## எதை வைத்து ஒப்பிடுவது

பிறந்த நாடு. வேலைவாய்ப்பு வழி க்ரீன் கார்டு வருடத்துக்குச் சுமார் 1,40,000. அதில் ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கு 7 சதவீதம் என்று உச்சவரம்பு. குடியுரிமை எது என்பது கணக்கில் இல்லை, பிறந்த இடம்தான் கணக்கு. மதுரையில் பிறந்து கனடா பாஸ்போர்ட் வைத்திருப்பவரும் இந்திய வரிசையில்தான் நிற்கிறார். யாழ்ப்பாணத்திலோ பினாங்கிலோ சிங்கப்பூரிலோ பிறந்தவருக்கு அந்த வரிசை கிடையாது. அப்பா குவைத்தில் வேலை பார்த்தபோது அங்கே பிறந்தவரா நீங்கள்? இந்தியப் பாஸ்போர்ட் இருந்தாலும் நீங்கள் குவைத் கணக்கு. இதைக் கவனிக்காமலே வருடக்கணக்கில் கவலைப்பட்டுக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். கணவனோ மனைவியோ வேறு நாட்டில் பிறந்திருந்தால் அவர்களுடைய நாட்டுக் கணக்கையும் எடுத்துக்கொள்ளலாம்.

ஈபி-1ஏ, ஈபி-1பி இரண்டும் ஈபி-1 பிரிவு, என்ஐடபிள்யூ ஈபி-2 பிரிவு. எந்தத் தேதி வரை போட்டவர்களுக்கு முறை வந்திருக்கிறது என்று அமெரிக்க அரசு மாதாமாதம் வெளியிடும் விசா புல்லட்டினில் 2025 ஜூலையைப் பாருங்கள். இந்தியாவுக்கு ஈபி-1 தேதி 2022 பிப்ரவரி 15. ஈபி-2 தேதி 2013 ஜனவரி 1. அதாவது ஈபி-2-வில் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் விண்ணப்பித்தவர்களுக்குத்தான் அப்போது முறை வந்திருந்தது. புதிதாகச் சேர்பவருக்கு இது பத்தாண்டுக் கணக்கில் போகும் காத்திருப்பு. இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் போன்ற நாடுகளில் பிறந்தவர்களுக்கு அதே மாதத்தில் ஈபி-1-இல் காத்திருப்பே இல்லை, ஈபி-2-விலும் இரண்டு வருடத்துக்கு உட்பட்டதுதான்.

மனு யாருடையது. ஐ-140 என்ற குடியேற்ற மனுவை நீங்களே போடுகிறீர்களா, வேலை கொடுப்பவர் போடுகிறாரா? நீங்களே போட்டால் வேலை மாறினாலும் அது உங்கள் கையில் இருக்கும்.

ஆதாரம். பேப்பர், சைட்டேஷன், பியர் ரிவ்யூ (பிறருடைய பேப்பரை மதிப்பிடுவது), சிபாரிசுக் கடிதங்கள். மனு போட்ட தேதியில் இருப்பதுதான் கணக்கு. அதற்குப் பிறகு நேச்சர் இதழிலேயே பேப்பர் வந்தாலும் அந்த மனுவின் தகுதிக்கு அது உதவாது.

இப்போது எந்த விசாவில் இருக்கிறீர்கள். எச்-1பி (வேலை விசா) என்றால் ஒரு கதை, எஃப்-1 (மாணவர் விசா), ஜே-1 (பரிமாற்ற விசா) என்றால் வேறு கதை. இது கடைசியில் வருகிறது, ஆனால் அதைப் படிக்காமல் எதையும் போட்டுவிடாதீர்கள்.

## என்ஐடபிள்யூ (ஈபி-2)

வேலை வாய்ப்புக் கடிதமும் வேண்டாம், பெர்ம் எனப்படும் லேபர் சர்ட்டிஃபிகேஷனும் (அந்த வேலைக்கு அமெரிக்கர் கிடைக்கவில்லை என்ற தொழிலாளர் துறைச் சான்று) வேண்டாம், நீங்களே போடலாம். தேச நலனுக்காக அந்த இரண்டையும் தள்ளுபடி செய்யுங்கள் என்று கேட்பதுதான் இந்த மனு. 1998 முதல் இதற்கு இருந்த அளவுகோல், நியூயார்க் மாநிலப் போக்குவரத்துத் துறை ஒரு பாலப் பொறியாளருக்காகப் போட்ட வழக்கில் வந்தது, அது மிகக் கடினமாக இருந்தது. 2016 டிசம்பரில் தனசார் என்ற வழக்கின் தீர்ப்பு அதை மாற்றியது. மனுதாரர் தனசார் ஹைப்பர்சானிக் உந்துவிசையில் ஆராய்ச்சி செய்தவர். இன்று பார்க்கப்படும் மூன்று கேள்விகளும் அந்தத் தீர்ப்பிலிருந்து வந்தவைதான்: நீங்கள் செய்யப்போகும் வேலைக்குத் தகுதியும் தேசிய முக்கியத்துவமும் இருக்கிறதா, அதைச் செய்து முடிக்கும் நிலையில் நீங்கள் இருக்கிறீர்களா, எல்லாவற்றையும் சீர்தூக்கிப் பார்த்தால் தள்ளுபடி தருவது நாட்டுக்கு நல்லதா.

பெரும்பாலானோர் சறுக்குவது முதல் கேள்வியில். "புற்றுநோய் அமெரிக்காவில் இத்தனை பேரைக் கொல்கிறது, நான் புற்றுநோயில் ஆராய்ச்சி செய்கிறேன்" என்று எழுதினால் துறை முக்கியம் என்று மட்டும்தான் நிரூபித்திருக்கிறீர்கள். அதிகாரி கேட்பது உங்கள் குறிப்பிட்ட திட்டம் உங்கள் லேப்பைத் தாண்டி எங்கே போய்ச் சேரும் என்பது. நீங்கள் உருவாக்கிய முறையை வேறு எந்த குழுக்கள் பயன்படுத்துகின்றன, எந்த ஏஜென்சி அதற்குப் பணம் கொடுத்திருக்கிறது, அடுத்த மூன்று நான்கு வருடத்தில் எதைச் செய்து முடிக்கப்போகிறீர்கள் என்று எழுத வேண்டும். மனுவின் உயிரே அந்தச் சில பக்கங்கள்தான், அதை வக்கீல் ஆபீசின் டெம்ப்ளேட்டுக்கு விட்டுவிடாமல் நீங்களே உட்கார்ந்து எழுதுங்கள்.

2022 ஜனவரியில் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) துறையில் முனைவர் பட்டம் பெற்றவர்களுக்குச் சாதகமான வழிகாட்டுதல் வந்தது. அதன்பின் விண்ணப்பங்கள் குவிந்தன, ஒப்புதல் விகிதம் வெகுவாக இறங்கியது. பழைய காலத்தில் குறைந்த சைட்டேஷனோடு அப்ரூவ் ஆன சீனியர்களின் கதையை இன்றைய அளவுகோலாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

சரி, இந்தியாவில் பிறந்தவருக்கு வரிசை இவ்வளவு நீளம் என்றால் எதற்கு இது? இரண்டு காரணம். முதலாவது பிரையாரிட்டி டேட், அதாவது வரிசையில் உங்கள் இடத்தைக் குறிக்கும் தேதி. மனு போட்ட நாளே உங்கள் தேதி, மனு அப்ரூவ் ஆகிவிட்டால் அந்தத் தேதி உங்களுக்கே சொந்தம். பின்னால் ஈபி-1 அப்ரூவ் ஆகும்போது அந்தப் பழைய தேதியை அங்கே எடுத்துப் போகலாம். 2021 அக்டோபரில் பிஎச்டி முடிக்கிற சமயம் என்ஐடபிள்யூ போட்டு ஒப்புதல் வாங்கிய ஒருவர், 2025 ஜூனில் ஈபி-1ஏ அப்ரூவ் ஆனதும், 2022 பிப்ரவரி 15-க்கு முந்தைய தேதி கையில் இருப்பதால் ஜூலையிலேயே ஐ-485 (க்ரீன் கார்டுக்கான கடைசி விண்ணப்பம்) கட்டத்துக்குப் போயிருக்க முடியும். அதே 2025-இல் நேராக ஈபி-1ஏ மட்டும் போட்டவர் அந்த இடத்தில் வரிசையின் வாலில் நிற்பார். மோசடி, பெரிய பிழை போன்ற காரணத்துக்காக ரத்தானால் மட்டும்தான் அந்தத் தேதி போகும்.

இரண்டாவது, எச்-1பி. அதன் ஆறு வருட உச்சவரம்புக்கு மேல் மூன்று மூன்று வருடமாக நீட்டிக்க அப்ரூவ் ஆன ஐ-140 ஒன்று வேண்டும், அதை நீங்களே போட்டிருந்தாலும் செல்லும். எச்-4-இல் (எச்-1பி-காரரின் குடும்பத்துக்கான விசா) இருக்கும் மனைவியோ கணவனோ வேலைக்கான ஈஏடி அனுமதி அட்டை வாங்கவும் அதுவே போதும். படித்துவிட்டு வீட்டில் முடங்கிக் கிடக்கும் ஒருவருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டியதில்லை.

மறைந்திருக்கும் செலவு? ப்ரீமியம் ப்ராசஸிங், அதாவது சீக்கிரம் பதில் வரக் கட்டும் கூடுதல் கட்டணம். என்ஐடபிள்யூ-வுக்கு 45 வேலைநாளில் பதில், கட்டணம் 2024 பிப்ரவரியில் 2,805 டாலர் ஆனது, அதன்பின்னும் பணவீக்கத்துக்கேற்ப ஏற்ற வழி இருக்கிறது. இந்தியாவில் பிறந்தவர்கள் பலர் அவசரப்பட்டு இதைக் கட்டுகிறார்கள். உங்கள் தேதி மனு போட்ட அன்றே நின்றுவிட்டது, சீக்கிரம் பதில் வந்து என்ன செய்யப் போகிறீர்கள்? எச்-1பி ஆறாம் வருடம் நெருங்கினாலோ எச்-4 ஈஏடி தேவைப்பட்டாலோ கட்டுங்கள். இல்லையென்றால் அந்தப் பணத்தை ஈபி-1ஏ-வுக்கு வைத்திருங்கள்.

## ஈபி-1பி

இதைப் பற்றித்தான் நம் ஆட்கள் குறைவாகப் பேசுகிறார்கள், எனக்கு அதில் வருத்தம் உண்டு. சிறந்த பேராசிரியர்கள், ஆராய்ச்சியாளர்களுக்கான பிரிவு. ஆறு அளவுகோலில் இரண்டு போதும். மற்றவர்களுடைய பேப்பரை ரிவ்யூ செய்திருப்பதும் உங்கள் சொந்த வெளியீடுகளும் சேர்ந்தாலே காகிதத்தில் இரண்டு ஆகிவிடும். பிறகு துறையில் சர்வதேச அளவில் அறியப்பட்டவர் என்று காட்ட வேண்டும், ஆனால் ஈபி-1ஏ கேட்கும் உச்சிக்குப் போக வேண்டியதில்லை. பெர்மும் கிடையாது. வரிசையோ அதே ஈபி-1 வரிசை.

பிடி எங்கே இருக்கிறது என்றால் வேலையில். நிரந்தர வேலை வேண்டும்: டென்யூர் (நிரந்தரப் பேராசிரியர் பதவி), டென்யூர் ட்ராக் (அதை நோக்கிய பதவி), அல்லது முடிவுத் தேதி இல்லாத ஆராய்ச்சிப் பணி. போஸ்ட்டாக் பதவியைத் தற்காலிகப் பயிற்சி என்றுதான் பல யுனிவர்சிட்டிகள் வைத்திருக்கின்றன, அதனால் அந்த டைட்டிலில் இருக்கும்வரை போட மாட்டார்கள். ரிசர்ச் சயின்டிஸ்ட், ஸ்டாஃப் சயின்டிஸ்ட், ரிசர்ச் அசிஸ்டென்ட் ப்ரொஃபசர் என்று மாறும்போதுதான் கதவு திறக்கும். ப்ரொஃபசர் உங்களை இன்னும் இரண்டு வருடம் வைத்துக்கொள்ள ஆசைப்பட்டால், சம்பள உயர்வை விட இந்த டைட்டில் மாற்றத்தைக் கேளுங்கள். தனியார் கம்பெனியும் போடலாம், முழுநேர ஆராய்ச்சியாளர்கள் குறைந்தது மூன்று பேர் இருந்து, ஆராய்ச்சியில் சாதித்ததற்கான சான்றும் இருந்தால்.

மூன்று வருட ஆராய்ச்சி அனுபவமும் வேண்டும். பிஎச்டி காலத்து ஆராய்ச்சி தானாகச் சேராது. பட்டம் பெற்றிருக்க வேண்டும், அந்த ஆராய்ச்சியே துறையில் சிறப்பானது என்று அறியப்பட்டிருக்கவும் வேண்டும்.

செலவுப் பக்கம் வேலை கொடுப்பவர் ஏற்றால் உங்களுக்கு லாபம், ஆனால் ஏற்றுத்தான் ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை. பெர்ம் செலவை மட்டும்தான் அவர்கள் உங்கள் தலையில் கட்டக் கூடாது. காலமும் உங்கள் கையில் இருக்காது. டிபார்ட்மென்ட் சேர், டீன் ஆபீஸ், இன்டர்நேஷனல் ஆபீஸ் என்று கையெழுத்துகள் நகர்வதற்கே மாதங்கள் ஆகும், வக்கீலை அவர்கள்தான் தேர்ந்தெடுப்பார்கள். வேலையை விட்டால் அந்த மனுவை வைத்து க்ரீன் கார்டு வாங்க முடியாது, ஐ-485 போட்டு 180 நாள் தாண்டியிருந்தால் ஒழிய. ஆனால் பிரையாரிட்டி டேட் உங்களோடு வரும். ஆகவே அப்ரூவல் நோட்டீஸின் நகலைக் கட்டாயம் கேட்டு வாங்கி வையுங்கள். அது முதலாளியின் மனு என்பதால் சில இடங்களில் கொடுக்கத் தயங்குவார்கள், ரெசீட் நம்பரையாவது வாங்கிவிடுங்கள்.

## ஈபி-1ஏ

அசாதாரணத் திறமை உள்ளவர்களுக்கான பிரிவு. பத்து அளவுகோலில் மூன்று, நீங்களே போடலாம், வேலைக் கடிதம் வேண்டாம். ஆராய்ச்சியாளர்கள் வழக்கமாகக் காட்டும் மூன்று: வெளியீடுகள், பிறர் வேலையை மதிப்பிட்டது, துறையில் பெரும் தாக்கம் ஏற்படுத்திய சொந்தப் பங்களிப்பு. முதல் இரண்டும் சுலபம். கேஸ் நிற்பதும் விழுவதும் மூன்றாவதில்.

அதைத் தாண்டினாலும் முடியவில்லை. 2010-இல் காசேரியன் என்ற இயற்பியலாளரின் வழக்குக்குப் பிறகு இரண்டு படி வந்துவிட்டது. மூன்று அளவுகோல் நிறைந்ததா என்று முதலில் எண்ணுவார்கள், பிறகு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, துறையின் உச்சியில் இருக்கும் சிறு சதவீதத்தில் ஒருவர்தானா இவர் என்று கேட்பார்கள். ஆக "எனக்கு நான்கு க்ரைட்டீரியா இருக்கிறதே" என்பது பதிலாகாது.

சைட்டேஷன் எத்தனை வேண்டும் என்று கேட்காதீர்கள், அதற்கு எண் கிடையாது. கணிதத்தில் 150 என்பதும் மெஷின் லேர்னிங்கில் 150 என்பதும் ஒன்றா? அதே துறையில் அதே வருடம் வந்த பேப்பர்களோடு ஒப்பிட்டு உங்களுடையது எங்கே நிற்கிறது என்று காட்டுங்கள். அதைவிட முக்கியம், யார் எப்படிப் பயன்படுத்தினார்கள் என்பது. அறிமுகப் பத்தியில் பத்துப் பேரோடு சேர்த்து உங்கள் பெயரைச் சொன்ன நூறு சைட்டேஷனை விட, உங்கள் முறையை எடுத்து அப்படியே தங்கள் பரிசோதனையில் கையாண்ட ஐந்து குழுக்கள் கனமானவை. அந்த வரிகளை மஞ்சள் போட்டுக் காட்டுங்கள். கடிதங்களில் பாதிக்கு மேல் உங்களோடு வேலை செய்யாதவர்களிடமிருந்து வரட்டும். ரிவ்யூ அழைப்பு எடிட்டரிடமிருந்து உங்கள் பெயருக்கே வந்திருக்கட்டும், கைடு தன்னுடையதை உங்களிடம் தள்ளிவிட்டதாக இருந்தால் அது பலவீனம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பணம் கட்டினால் விருது, பணம் கட்டினால் "ஃபெலோ" மெம்பர்ஷிப், பணம் கட்டினால் செய்தித்தாளில் கட்டுரை என்று விற்பவர்கள் பெருகிவிட்டார்கள். தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். அதிகாரிகளுக்கு அந்தப் பெயர்கள் பழகிவிட்டன. மோசடி என்று ஒருமுறை முடிவானால் இந்த மனுவோடு போகாது, நாட்டுக்குள் அனுமதிக்கே நிரந்தரத் தடையாகலாம், உண்மையாக உழைத்துச் சேர்த்த பத்து வருடமும் அதோடு போய்விடும்.

## மூன்றும் பக்கத்தில் பக்கத்தில்

| | என்ஐடபிள்யூ | ஈபி-1பி | ஈபி-1ஏ |
|---|---|---|---|
| யார் போடுவது | நீங்கள் | வேலை கொடுப்பவர் | நீங்கள் |
| வேலைக் கடிதம் | வேண்டாம் | நிரந்தர வேலை வேண்டும் | வேண்டாம் |
| அளவுகோல் | தனசார், 3 கேள்விகள் | 6-இல் 2 | 10-இல் 3 |
| ப்ரீமியம் | 45 வேலைநாள் | 15 வேலைநாள் | 15 வேலைநாள் |
| இந்தியா, 2025 ஜூலை | 2013 ஜனவரி 1 | 2022 பிப்ரவரி 15 | 2022 பிப்ரவரி 15 |

2024 ஏப்ரல் கட்டணப்படி ஐ-140-க்கு 715 டாலர். நீங்களே போட்டால் அசைலம் ப்ரோக்ராம் என்ற கூடுதல் கட்டணம் இன்னொரு 300. லாப நோக்கமற்ற யுனிவர்சிட்டிக்கு அந்தக் கூடுதல் கிடையாது. பின்னால் வரும் ஐ-485 பெரியவர்களுக்குத் தலைக்கு 1,440 டாலர், குடும்பத்தோடு என்றால் பெருக்கிக்கொள்ளுங்கள். வக்கீல் கட்டணம் இதற்கெல்லாம் மேல். பணம் திருப்பித் தருவோம் என்று சொல்லும் வக்கீல்கள் பெரும்பாலும் வலுவான கேஸை மட்டும்தான் எடுப்பார்கள், அவர்கள் மறுத்தார்கள் என்றால் அதுவே உங்களுக்கு இலவசமாகக் கிடைத்த ஒரு மதிப்பீடு.

## விசா சொல்லும் தடை

எஃப்-1, ஜே-1 இரண்டிலும் திரும்பிப் போகும் எண்ணம் இருக்க வேண்டும் என்பது விதி. ஐ-140 போட்டால் குடியேறும் எண்ணத்தை எழுத்தில் கொடுத்தாயிற்று. அமெரிக்காவுக்குள் இருக்கும்வரை உடனே பெரிய சிக்கல் வராது. அக்கா கல்யாணத்துக்கு ஊருக்கு வந்து சென்னை கான்சுலேட்டில் ஸ்டாம்பிங்குக்கு (பாஸ்போர்ட்டில் விசா வாங்க) போகும்போதுதான் மாட்டும். டிஎஸ்-160 என்ற விசா விண்ணப்பப் படிவத்தில் உங்களுக்காக யாராவது குடியேற்ற மனு போட்டிருக்கிறார்களா என்று நேரடியாகக் கேள்வி உண்டு, பொய் சொல்லவே கூடாது. ஆகவே ஓபிடி-யில் (எஃப்-1 படிப்பு முடிந்தபின் கிடைக்கும் தற்காலிக வேலை அனுமதி) இருப்பவர்கள் ஊருக்குப் போய் ஸ்டாம்பிங் செய்ய வேண்டியிருந்தால் அதை முடித்துவிட்டு மனு போடுவது, அல்லது எச்-1பி மாறும்வரை பயணத்தைத் தள்ளிவைப்பது நல்லது. எச்-1பி-யில் இந்தத் தொல்லை இல்லை.

ஜே-1 போஸ்ட்டாக்குகளுக்கு இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனை தனி. அது உங்கள் மேல் இருந்தால் ஐ-140 அப்ரூவ் ஆகலாம், ஆனால் வெய்வர் (நிபந்தனையிலிருந்து விலக்கு) வாங்காமல் எச்-1பி-யும் ஐ-485-உம் நடக்காது. எந்த நாட்டவருக்கு எந்தத் துறையில் இந்த நிபந்தனை என்று சொல்லும் ஸ்கில்ஸ் லிஸ்ட் 2024 டிசம்பரில் திருத்தப்பட்டபோது இந்தியா அதிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. அந்த லிஸ்டால் மட்டும் மாட்டியிருந்தவர்களுக்கு விடுதலை. அரசாங்கப் பணத்தில் போனவர்களுக்கு நிபந்தனை அப்படியே இருக்கிறது.

நம்மவர்களுக்கென்றே ஒரு வேலை, பெயர். இனிஷியல் ஒரு பேப்பரில் முன்னால், இன்னொன்றில் பின்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரித்து, பிறப்புச் சான்றிதழில் பெயரே இல்லாமல் "ஆண் குழந்தை" என்று மட்டும். எல்லாம் ஒருவரே என்று காட்டும் பிரமாணப் பத்திரத்தையும், நகராட்சியிலோ பஞ்சாயத்திலோ பெயர் சேர்ப்பதையும் இப்போதே தொடங்கிவிடுங்கள். ஐ-485 சமயத்தில் ஓடினால் தாமதமாகும்.

## யாருக்கு எது

இந்தியாவில் பிறந்தவர், எச்-1பி-யில் இருக்கிறார், பேப்பர்கள் ஓரளவு இருக்கின்றன, ஈபி-1ஏ-வுக்கு இன்னும் தூரம்: என்ஐடபிள்யூ இப்போதே, ப்ரீமியம் இல்லாமல். அப்புறம் அந்த இரண்டு மூன்று வருடத்தை ஈபி-1 தகுதிக்காகச் செலவிடுங்கள். "ப்ரொஃபைல் இன்னும் பலமாகட்டும்" என்று எதையுமே போடாமல் இருப்பதுதான் இவருக்கு மிக விலை உயர்ந்த தேர்வு. ஒவ்வொரு மாதமும் ஒரு மாதப் பிரையாரிட்டி டேட் போகிறது.

இந்தியாவில் பிறந்தவர், நிரந்தர ஆராய்ச்சி வேலை கிடைத்துவிட்டது: ஈபி-1பி-யை ஆஃபர் பேச்சுவார்த்தையிலேயே எழுத்தில் கேளுங்கள். சேர்ந்த பிறகு கேட்டால் "ஒரு வருடம் பார்க்கலாம்" என்பார்கள். கற்பிக்கும் பதவி என்றால் யுனிவர்சிட்டி உங்களைத் தேர்ந்தெடுத்த 18 மாதத்துக்குள் சிறப்புப் பெர்ம் போடவும் வழி இருக்கிறது, ஆனால் அது பெரும்பாலும் உங்களை ஈபி-2 வரிசையில்தான் கொண்டுபோய் விடும், இந்தியர்களுக்கு அதனால் பெரிய பயன் இல்லை.

இலங்கையிலோ மலேசியாவிலோ வளைகுடாவிலோ பிறந்தவர்: என்ஐடபிள்யூ போட்டு, இந்த முறை ப்ரீமியமும் கட்டலாம். ஈபி-1ஏ-வுக்காக வருடங்களைக் கொடுக்க வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை. ஆதாரம் ஏற்கெனவே வலுவாக இருந்தால் மட்டும் ஈபி-1ஏ-வையும் கூடவே போடுங்கள், இரண்டும் தனித்தனி மனு, ஒன்று போனால் மற்றது தானாகப் போகாது.

இருபத்தொரு வயதை நெருங்கும் பிள்ளை இருக்கிறதா, அப்படியானால் கணக்கு மாறும், அந்த வயதைத் தாண்டினால் பிள்ளை உங்கள் மனுவோடு வர முடியாது. 2025 ஆகஸ்ட் 15 முதல் பிள்ளையின் வயதை உறையவைப்பது விசா புல்லட்டினில் உள்ள இறுதி நடவடிக்கைத் தேதியை (ஃபைனல் ஆக்ஷன் டேட்) வைத்துத்தான், முன்பிருந்த சலுகை போய்விட்டது. அந்தக் குடும்பம் ஈபி-2-வை நம்பி இருக்கக் கூடாது, செலவானாலும் ஈபி-1-ஐத்தான் குறிவைக்க வேண்டும்.

ஆர்.எஃப்.இ (கூடுதல் ஆதாரம் கேட்கும் கடிதம்) வந்தால் பதற வேண்டாம், பதில் சொல்ல அதிகபட்சம் 84 நாள் தருவார்கள். முழு நாளையும் எடுத்துக்கொண்டு, கேட்ட ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுங்கள். மறுக்கப்பட்டாலும் திரும்பப் போடத் தடையில்லை, ஆனால் அடுத்த மனுவில் முந்தையதைக் குறிப்பிட வேண்டும். அதே கட்டை அப்படியே அனுப்பாமல், மறுப்புக் கடிதம் எந்த வரியில் நம்பவில்லையோ அங்கே புது ஆதாரம் சேர்ந்த பிறகு போடுங்கள்.